அல்கோன்குவின்: ஸ்புரூஸ் சதுப்பா, மிஸ்ஸி ஏரியா?

கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் பறவை பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஸ்புரூஸ் சதுப்புப் பாதைக்குப் போவதா, மிஸ்ஸி ஏரிப் பாதைக்குப் போவதா என்ற குழப்பம் வரும். இரண்டு பாதைகளுமே 60ஆம் எண் நெடுஞ்சாலைப் பக்கம்தான்.

ஸ்புரூஸ் சதுப்புப் பாதை வெறும் 1.5 கிலோமீட்டர். பலகை நடைபாதையின் இருபுறமும் கறுப்பு ஸ்புரூஸ் என்ற மெலிந்த ஊசியிலை மரங்கள். மணிக்கட்டுப் பருமன்தானே என்று நினைக்க வேண்டாம், வயதில் அவை நமக்கு மூத்தவையாக இருக்கலாம். குளிர்காலத்தில் இங்கே கனடா ஜே பறவையைப் பார்க்கலாம். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அது உணவுத் துணுக்குகளை எச்சிலில் பிசைந்து மரப்பட்டை இடுக்குகளில் ஒட்டி வைக்கிறது. பனி உருகும் முன்பே முட்டையிட்டு, அந்தச் சேமிப்பைக் கொண்டே குஞ்சுகளை வளர்க்கிறது. நம் பாட்டிமார் வடகம் போட்டு வைத்த அதே சாமர்த்தியம்! ஸ்புரூஸ் கிரௌஸ் என்ற காட்டுக்கோழியோ, நாலடி தூரத்தில் நாம் நின்றாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

மிஸ்ஸி ஏரிப் பாதை சுமார் 11 கிலோமீட்டர். ஒன்பது ஏரி, குளங்களைத் தொட்டுச் செல்கிறது. முழு நாள் வேண்டும், நாய்க்கு அனுமதி இல்லை, சேறு உண்டு. பழைய ரயில் தடத்தின் மீது செல்லும் பகுதிதான் இதில் சிறப்பு. விடியலில் போனால் நீர்நாயோ மூஸ் மானோ கண்ணில் படலாம்.

பெரியவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் சதுப்புக்கே போங்கள். நான் தனியாகச் சென்றால் செப்டம்பரில் மிஸ்ஸிதான். மே, ஜூனில் கறுப்பு ஈக்கள் பிடுங்கி எடுத்துவிடும்.