முழு ஊரடங்கா, தெரு அளவுக் கட்டுப்பாடா?

அடுத்த தொற்று வந்தால் எது தேவலாம்? சேலம் செவ்வாய்ப்பேட்டை டீக்கடையில் இன்னும் ஓயாத வழக்கு இது.

செலவு:
முழு ஊரடங்கு – அரசுக்கு ஓர் உத்தரவு. வாடகையும் வட்டியும் நம் தலையில். எங்கள் தெரு கொலுசுப் பட்டறையில் பாதி பற்றவைத்த கொலுசுகள் துணியில் சுற்றியே கிடந்தன.
தெருக் கட்டுப்பாடு – நோய் வந்த தெருவுக்கு மட்டும் நஷ்டம்.

கூட்டம்:
2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்றார்கள். அதற்கு முந்தின இரண்டு நாளும் எல்லாக் கடையும் திறப்பு. ஒரு வாரக் கூட்டம் இரண்டே நாளில்! தகரம் அடித்து அடைத்த தெருவில் அந்த முண்டியடிப்பு இல்லை.

நடைமுறை:
போலீசுக்கு முழு ஊரடங்குதான் சுலபம். தெருவை அடைக்க, வீடுவீடாகத் தெரிந்த ஆள் வேண்டும். கவுன்சிலர் செய்யலாம், ஆனால் சேலம் மாநகராட்சிக்கு 2016 முதல் 2022 வரை கவுன்சிலரே இல்லை, அதிகாரிகள் ஆட்சிதான். 2017 முதல் 2021 வரை முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமியே நம் மாவட்டக்காரர் என்பதால் மட்டும் வார்டுக்குக் குரல் கிடைத்துவிட்டதா?

நோய் இன்னதென்று தெரியாத முதல் இரண்டு வாரம் முழு அடைப்பு சரி. அப்புறம் கடை வைத்துப் பிழைப்பவனுக்குத் தெருக் கட்டுப்பாடுதான். ஏற்காட்டுக்கோ அடிவாரத்திலும் குப்பனூர் பாதையிலும் செக்போஸ்ட் போதும். மேலே காபித் தோட்ட வேலை நடக்கட்டும்.