லேமினேஷனா, ஆசிட் இல்லாத கவரா?

1959ல மதுரை தமுக்கத்துல காந்தி மியூசியம் திறந்தப்போ உள்ள அழைப்பிதழ், பழைய சித்திரைத் திருவிழா நோட்டீஸ், ஊர்க் கணக்கு நோட்டுன்னு எதாவது வீட்டு பீரோவுல இருந்தா தயவுசெஞ்சு லேமினேஷன் கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க. பளபளன்னு இருக்கும், தண்ணி படாது, அதெல்லாம் உண்மைதான், ஆனா சூட்டுல பசை உருகி பேப்பர்ல ஒட்டிக்கிரும், அப்புறம் பிரிக்கப் போனா பேப்பர்தான் கிழியும், அதுல ஏற்கனவே இருக்க அமிலம் உள்ளயே கெடந்து பழுப்பாக்கிரும், ஸ்கேன் பண்ணாலும் வெளிச்சம் அடிக்கும்.

ஆசிட் இல்லாத கவர், அதாவது அமிலம் இல்லாத பேப்பர்ல செஞ்ச உறை, காசு கூட, தேடித்தான் வாங்கணும். ஆனா எப்ப வேணாலும் வெளிய எடுக்கலாம், நாளைக்கு மியூசியத்துக்குக் குடுக்கணும்னாலும் ஒரிஜினலாவே குடுக்கலாம். எனக்கு இதுக்கு மேல யோசிக்கவே தோணல, கவர்தான். உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி துருப்பிடிச்ச குண்டூசியையும் ரப்பர் பேண்டையும் கழட்டிருங்க, யாரு எந்த வருஷம்னு பென்சில்ல கவர் மேல எழுதுங்க, மழைக்காலத்துல கரையான் வந்திருக்கான்னு பாத்துக்கங்க.