பினாங் துங்கால் வயலுக்கு வந்த கம்பைன் அறுப்பு சர்வீஸ், போன சீசன் வந்த ஆளோட ஒப்பிட்டு எழுதுறேன்

பினாங்குன்னு சொன்னாலே எல்லாருக்கும் தீவு மட்டும்தான் ஞாபகம் வருது, ஆனா பாலம் தாண்டி செபராங் பிறை வடக்கு பக்கம் வந்தீங்கன்னா இன்னும் வயல் வயலாத்தான் கெடக்கு. அப்பா அங்க பினாங் துங்கால் பக்கத்துல 6 ரெலோங் குத்தகைக்கு எடுத்து நெல்லு போடுறாரு. ரெலோங் தெரியாதவங்களுக்கு, 1 ரெலோங்னா ஏறக்குறைய 0.29 ஹெக்டேர், கெடா பெர்லிஸ் பினாங்குல இன்னும் இந்த கணக்குதான். நான் பட்டர்வொர்த்துல வேலை, அறுப்புக்கு மட்டும் லீவு போட்டுட்டு வயல்ல நிப்பேன். இந்த சீசன் புதுசா ஒரு அண்ணனை கூப்பிட்டோம், தமிழர், சொந்தமா குபோத்தா டிசி 70 நெல்லு அறுப்பு மெசின் வச்சிருக்காரு, அவரோட வேலையைப் பத்திதான் இந்த ரிவியூ. பேரும் நம்பரும் இங்க போட வேணாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு, இருக்கிற புக்கிங்கே முடிக்க முடியலையாம், வேணும்னா மெசேஜ் பண்ணுங்க, அவரை கேட்டுட்டு தர்றேன்.

முதல்ல போன சீசன் கதையை சொல்லணும், இல்லாட்டி ஏன் இவ்ளோ எழுதுறேன்னு புரியாது. அப்போ வந்தது வேற ஆளு, பெரிய மெசின், சர்ருன்னு ஓட்டி மத்தியானத்துக்குள்ள 6 ரெலோங்கையும் முடிச்சு குடுத்துட்டு போயிட்டாங்க. அப்பாவுக்கு அவ்ளோ சந்தோஷம். சாயங்காலம் பக்கத்து வயல் பாக் சிக் (மலாய்ல மாமான்னு அர்த்தம்) வந்து, ஒண்ணும் பேசாம குனிஞ்சு வைக்கோலை கையால ஒதுக்கி காட்டினாரு பாருங்க, மண்ணு மேல மஞ்சளா நெல்லு பரப்பி விட்ட மாதிரி கெடக்கு. மூணு வாரத்துல மழை பெஞ்சதும் மெசின் போன தடம் தடமா பச்சையா முளைச்சு நிக்குது, யாரும் விதைக்கல, எல்லாம் எங்க நெல்லு. அப்பா வரப்புல உக்காந்து அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு, எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு.

அறுப்பு முடிஞ்ச அன்னிக்கே பாக் சிக் சொல்லிக் குடுத்து நான் ஒரு சட்டம் செஞ்சேன், பிவிசி பைப்புல அரை மீட்டருக்கு அரை மீட்டர். மெசின் போன அகலத்துல அஞ்சு எடத்துல இதை வச்சு உள்ள கெடக்கிற மணியை எண்ணி சராசரி எடுக்கணும், மெசின் இறங்குறதுக்கு முன்னாடியே தானா உதிர்ந்து கெடந்ததை கழிச்சிடணும். போன தடவை சட்டத்துக்கு 300 மணி கிட்ட வந்துச்சு. 1000 நெல்லு சுமாரா 25 கிராம் நிக்கும், அப்போ 1 சதுர மீட்டருக்கு 30 கிராம், ரெலோங்குக்கு 86 கிலோ, 6 ரெலோங்குக்கு அரை டன்னுக்கு மேல. டன்னுக்கு 1,500 வெள்ளின்னு (ரிங்கிட்) வச்சா 750 வெள்ளிக்கு மேல மண்ணுல போயிருக்கு, ஆலையில எடையில பிடிக்கிற கழிவு எல்லாம் சேர்க்காமலே.

அதனால இந்த தடவை அண்ணன் வந்ததும் நான் சட்டத்தோடதான் நின்னேன். அவரு கோவப்படுவாருன்னு நெனச்சேன், ஆனா "நல்லதுதான் தம்பி, மொத ரெண்டு சால் ஓட்டிட்டு நிறுத்துறேன், நீ எண்ணி சொல்லு, அப்புறம் செட்டிங் பாப்போம்"னு சொன்னாரு. இந்த ஒரு வார்த்தைக்கே நான் முழு மார்க் குடுப்பேன்.

அதுக்கு முன்னாடி அவரு செஞ்ச இன்னொரு வேலையை கண்டிப்பா சொல்லணும். லோரியில இருந்து மெசினை இறக்கினதும் வயலுக்குள்ள விடல. ரோட்டோரமா தார்ப்பாய் விரிச்சு, அடியில இருக்கிற ஆகர் (நெல்லை தள்ளுற திருகு) மூடி, எலிவேட்டர் மூடி எல்லாத்தையும் தெறந்து விட்டு, ப்ளோவரால அடிச்சு, மிச்சத்தை சின்ன தொடப்பத்தால கூட்டி எடுத்தாரு. முக்கால் மணி நேரம் ஆச்சு. தார்ப்பாய்ல விழுந்ததுல இருந்து ஒரு கை அள்ளி காட்டினாரு, நல்ல நெல்லுக்கு நடுவுல மீசை வச்ச மணி ஏழெட்டு இருந்துச்சு, ஒண்ணை நகத்தால உரிச்சா உள்ள அரிசி செவப்பு. பாடி அங்கின், மலாய்ல காத்து நெல்லுன்னு அர்த்தம், களையா வர்ற நெல்லு. பயிருக்கு முந்தியே பழுத்து காத்து அடிச்சாலே கொட்டிடும், அதான் அந்த பேரு. இதுவும் நெல்லு ஜாதிதான், அதனால சாதாரண களைக்கொல்லி அடிச்சா பயிரும் சேர்ந்து போகும். மருந்தை தாங்குற ரகம் வந்துச்சு, ஆனா அந்த தாங்குற குணம் கொஞ்ச நாள்ல பாடி அங்கினுக்கும் ஏறிடுச்சு. 1988ல சிலாங்கூர் பக்கம் முதல்ல கவனிச்சது இன்னிக்கு வடக்கு வரைக்கும் எல்லாருக்கும் தலைவலி, அது ஒரு வயல்ல இருந்து இன்னொரு வயலுக்கு போற ஒரு பெரிய வழி இந்த மாதிரி கழுவாம சுத்துற மெசின். எங்க வயல்ல விழ வேண்டியது தார்ப்பாய்லயே நின்னுச்சு, அதை மூட்டையில கட்டி எடுத்துக்கிட்டாரு.

மெசின் உள்ள நடக்கிறதை அவரு காட்டினப்பதான் எனக்கு ஒழுங்கா புரிஞ்சுச்சு. அறுக்கிறது, போரடிக்கிறது, தூத்துறது, இந்த மூணு வேலையும் ஒண்ணா சேர்ந்ததாலதான் கம்பைன்னு பேரு. முன்னாடி சுத்துற ரீல் கதிரை அணைச்சு கத்திக்கு குடுக்கும், கத்தி வெட்டும், ஆகர் நடுவுக்கு ஒதுக்கும், செயின் மேல ஏத்தும், அங்க பல்லு வச்ச ட்ரம் தாளோட சேர்த்து சுத்தி சுத்தி மணியை உதிர்க்கும், மணி கம்பி தட்டி வழியா சல்லடைக்கு விழும், கீழ இருந்து காத்தாடி பதரை ஊதி பின்னாடி தள்ளும். எங்க பாட்டி முறத்துல தூத்தினது ஞாபகம் வந்துச்சு, காத்து கூடினா நெல்லும் சேர்ந்து பறக்கும், கொறைஞ்சா பதர் தங்கும், இங்கயும் அதே கதைதான். பதர் தங்கினா ஆலையில கழிவு பிடிப்பான், நெல்லு பறந்தா வயல்ல போச்சு.

மொத ரெண்டு சால் ஓட்டினதும் எண்ணினேன், சட்டத்துக்கு 140. அண்ணன் இறங்கி வந்து மணியை எண்ணல, எங்க கெடக்குன்னு பார்த்தாரு. வெட்டின அகலம் பூரா பரவலா இருந்தா முன்னாடி ரீல் அடிச்சு உதிர்க்குதுன்னு அர்த்தமாம், வைக்கோல் விழுற எடத்துல மட்டும் குமிஞ்சு இருந்தா பின்னாடி சல்லடை வழியா போகுதுன்னு அர்த்தமாம். வைக்கோலையும் எடுத்து கதிர்ல மணி ஒட்டியிருக்கான்னு உருவிப் பார்த்தாரு, இல்ல, அப்போ ட்ரம் சரியாத்தான் அடிக்குது. எங்களுது பின்னாடிதான் குமிஞ்சு இருந்துச்சு. காத்தை ஒரு படி கொறைச்சு, வேகத்தையும் கொறைச்சாரு, வேகமா போனா சல்லடையில தாளும் தூசியும் மெத்தை மாதிரி சேர்ந்து மணி கீழ விழாம அது மேலயே சறுக்கி வெளிய போயிடுமாம். அதுக்கப்புறம் 60. நான் மூணு தடவை எண்ணிட்டேன், 60 கிட்டத்தான். ரெலோங்குக்கு 17 கிலோ, போன தடவை 86.

மூலையில ஒரு ரெலோங் கிட்ட காத்துல சாஞ்சு கெடந்துச்சு. அதை மட்டும் சாஞ்ச பக்கத்துக்கு எதிரா போய் ஒரே பக்கமா வெட்டினாரு, திரும்பி வர்றப்ப வெட்டாம சும்மா வந்தாரு. டீசலும் நேரமும் அவருக்குத்தான் நஷ்டம், ஒரு வார்த்தை சொல்லிக் காட்டல.

டிசி 70 பத்தி கேட்டீங்கன்னா, சின்ன மெசின்தான், 2 மீட்டர் அகலம்தான் வெட்டும், அதனால நேரம் எடுக்கும், எங்களுக்கு சாயங்காலம் 5 மணி ஆயிடுச்சு. ஆனா ரப்பர் செயின்ல எடை பரவி நிக்கிறதால தடம் ஆழமா விழல. போன தடவை பெரிய மெசின் போட்ட பள்ளத்தை சமன் பண்றதுக்கே ட்ராக்டருக்கு தனியா காசு போச்சு, பள்ளம் இருந்தா தண்ணி ஒரு எடத்துல நிக்கும் ஒரு எடத்துல ஏறாது, நாத்தும் அப்படியே ஏத்த எறக்கமா வரும். ஈரமான வயல் வச்சிருக்கிறவங்க சின்ன மெசினையே கூப்பிடுங்க. எதுவா இருந்தாலும் அறுப்புக்கு பத்து நாள் முன்னாடியாவது தண்ணியை வடிச்சு விட்டுடுங்க.

குறைன்னு பார்த்தா ரெண்டு. சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் லேட்டு, மழை வந்து முந்தின வயல் முடியலன்னாரு, நியாயம்தான், ஆனா போன் எடுத்து முன்னாடியே சொல்லியிருக்கலாம், அந்த ரெண்டு நாளும் அப்பா தூங்கல, பழுத்த கதிரை வச்சுக்கிட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கிறது எவ்ளோ பெரிய வேதனைன்னு வெவசாயிக்குத்தான் தெரியும். ரெண்டாவது, நெல்லு ஏத்துற லோரி அவரு ஏற்பாடுதான்னு சொன்னாரு, அது ஒரு மணி நேரம் பிந்தி வந்து நெல்லு டேங்க் ரொம்பி மெசின் சும்மா நின்னுச்சு. காசு ரெலோங்குக்கு போன தடவையை விட 10 வெள்ளி கூட, ஆக மொத்தம் 60 வெள்ளி, அதுக்கு 400 கிலோவுக்கு மேல நெல்லு மிச்சம். ஆலையிலயும் பதர் கழிவு போன சீசனை விட கொறைச்சுத்தான் போட்டாங்க.

புக் பண்ணனும்னா கதிர் மஞ்சளாக ஆரம்பிக்கிறப்பவே சொல்லிடுங்க, கடைசி வாரத்துல கேட்டா கெடைக்க மாட்டாரு. காலையில சீக்கிரம் வரச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க, பனி காயாம தாள் ஈரமா இருந்தா ட்ரம்ல சுத்திக்கும், அவரே 10 மணிக்கு மேலதான் இறங்குவாரு. அடுத்த சீசனுக்கு அப்பா இப்பவே அவருக்கிட்ட சொல்லி வச்சுட்டாரு, லோரிக்கு மட்டும் நாங்களே ஆள் பார்த்துக்கிறோம்.