எண்ட்கேமுக்குப் பிறகு மார்வெல்: நீண்டகால ரசிகர் ஒருவரின் அனுபவம்

சூப்பர் ஹீரோ படங்கள் மக்களுக்குச் சலித்துவிட்டன என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். 2008-இல் வந்த முதல் 'அயர்ன் மேன்' தொடங்கி 2025-இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' வரை மார்வெல் வரிசையை விடாமல் பார்த்து வருபவன் நான். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை. பறக்கிற மனிதர்களைப் பார்க்க இன்றும் ஆசைதான். 'கொஞ்சம் பொறுங்கள், இதற்கெல்லாம் பின்னால் பதில் வரும்' என்று ஒவ்வொரு படத்தின் முடிவிலும் கொடுத்த வாக்கின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அது எப்படிப் போனது என்பதைப் படம் படமாகப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 'அயர்ன் மேன்' படத்தில் பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு சாமுவேல் எல். ஜாக்சன் வந்து அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர் ஹீரோக்களின் கூட்டணி பற்றிப் பேசினார். நான்கே வருடத்தில் 'தி அவெஞ்சர்ஸ்' படம் வந்தது. அதன் பின்குறிப்புக் காட்சியில் தானோஸ் என்ற வில்லன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். 2018-இல் 'இன்ஃபினிட்டி வார்' அவனை நடுநாயகமாக வைத்தது. இவையெல்லாம் பெரிய கணக்குகள். சின்னக் கணக்குகளையும் அவர்கள் மறக்கவில்லை என்பதுதான் என்னைப் போன்றவர்களைக் கட்டிப்போட்டது.

2015-இல் வந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் ஒரு விருந்துக் காட்சி உண்டு. தகுதியுள்ளவர் மட்டுமே தூக்க முடிகிற தோரின் சுத்தியலை ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்ப்பார்கள், யாராலும் முடியாது. கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸ் பிடித்து இழுக்கும்போது மட்டும் அது துளி அசையும். தோரின் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பும். அதோடு சரி, காட்சி வேறு பக்கம் போய்விடும். 2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' கடைசிச் சண்டையில் அதே சுத்தியல் பறந்து வந்து ஸ்டீவின் கையில் நிற்கிறது. நான் பார்த்த தியேட்டரில் எழுந்த கூச்சலில் தோர் சொன்ன வசனம் காதில் விழவில்லை. ஒழுங்காக நடக்கும் சீட்டில் மாதாமாதம் கட்டி, முழுத் தொகையைக் கையில் வாங்கும்போது வருமே, அந்த நிறைவு. உலகம் முழுக்க 279 கோடி டாலர் வசூல் என்பது வெறும் விளம்பரத்தால் வந்துவிடாது. பதினோரு வருடம் கட்டியவர்கள் அத்தனை பேரும் வாங்கிக்கொள்ள வந்தார்கள்.

தமிழில் அந்தப் படத்துக்கு நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார். அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி, பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா குரல் கொடுத்தார்கள். வெளியானதும் ரசிகர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு வந்தது. 'எங்க டோனி குரல் இது இல்லை' என்று ஆத்திரப்பட்டார்கள். விஜய் சேதுபதி நல்ல நடிகர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் டிவியில் தமிழ் டப்பிங்கில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு அந்த ஆளின் பேச்சு, கிண்டல், மூச்சுவிடும் இடம்கூட மனப்பாடம். கடைசிப் படத்தில் போய் அதை மாற்றியதைத் தாங்க முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இப்போது ஏக்கத்தைத் தருகிறது. சமீபத்தில் வந்த எந்த மார்வெல் படத்துக்காவது தமிழ்க் குரல் சரியில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தார்களா? அப்படிச் சண்டை போடும் அளவுக்கு அந்தப் பாத்திரங்கள் மனதில் ஒட்டவில்லை.

2021-இலிருந்துதான் வேலை மாறியது. முதல் 23 படங்கள் 11 வருடத்தில் வந்தவை. மொத்தம் சுமார் 50 மணி நேரம். அடுத்து 2021, 2022 ஆகிய இரண்டே வருடத்தில் 7 படங்கள், 8 தொடர்கள், 2 சிறப்புப் படங்கள். நேரக் கணக்கில் இதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். டிஸ்னியின் ஓடிடிக்குச் சந்தா சேர்க்க வேண்டும், அதற்கு வாராவாரம் புதிதாக ஏதாவது வேண்டும். வியாபாரமாக அது புரிகிறது. பார்க்கிறவர்களுக்கு என்ன ஆனது என்பதை என் அக்கா ஒரே கேள்வியில் சொன்னாள்.

அக்கா எல்லாப் படத்தையும் என்னோடு தியேட்டரில் பார்த்தவள். ஓடிடி பக்கம் போகமாட்டாள். வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு என்று நேரம் இல்லை. 2022-இல் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாம் பாகத்துக்குப் போனோம். இடைவேளையில், "வாண்டாவுக்கு எப்படா குழந்தை பொறந்துச்சு?" என்றாள்.

"அது சீரியல்ல வருதுக்கா. 'வாண்டாவிஷன்'னு ஒன்பது எபிசோட்."

"அப்ப சீரியல் பாக்காதவங்க எதுக்குடா டிக்கெட் எடுக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. முன்பு அவெஞ்சர்ஸ் கூட்டணியில் இருந்த வாண்டா அந்தப் படத்தில் ஏன் இத்தனை கொலை செய்கிறாள் என்பதற்கான முழுக் காரணமும் அந்தத் தொடரில்தான் இருக்கிறது. தொடரைப் பார்த்தவனுக்கு அவள் பிள்ளைகளை இழந்த தாய். பார்க்காதவளுக்கு திடீரென்று வெறிபிடித்த வில்லி. ஒரே அரங்கில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு வேறு படங்களைப் பார்த்தோம். அதற்குப் பிறகு மார்வெல் படத்துக்கு அக்காவைக் கூப்பிட்டால், 'ஓடிடியில் வரட்டும்' என்ற பதில்தான் வந்தது.

'தி மார்வெல்ஸ்' இதே சிக்கலில்தான் மாட்டியது. மூன்று நாயகிகள். கேப்டன் மார்வெலான கரோல் முந்தைய படத்திலிருந்து வருகிறாள், மோனிகாவுக்குச் சக்தி வந்த கதை 'வாண்டாவிஷன்' தொடரில், கமலா கான் 'மிஸ் மார்வெல்' தொடரில். முதல் பாகமான 'கேப்டன் மார்வெல்' 2019-இல் 113 கோடி டாலர் எடுத்தது. 2023 தீபாவளி நேரத்தில் வந்த இந்தப் படம் உலகம் முழுக்க எடுத்தது 20.6 கோடி. மார்வெல் வரிசையிலேயே இதுதான் அடிமட்டம். ஹாலிவுட் நடிகர்களின் வேலைநிறுத்தம் ரிலீஸுக்கு முந்தைய நாள்தான் முடிந்தது என்பதால் நடிகர்கள் விளம்பரத்துக்கே வர முடியவில்லை. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கமலாவாக நடித்த இமான் வெள்ளானியின் துள்ளலை எனக்கு ரொம்பப் பிடித்தது. நாயகிகள் மூவர் என்பதால் படம் தோற்றது என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அந்தப் பெண்ணை முதல்முறை சந்திக்கவே ஆறு எபிசோட் பார்த்திருக்க வேண்டும் என்று வைத்ததுதான் தவறு.

சரி, எல்லாவற்றையும் பார்த்த என்னைப் போன்றவர்களுக்காவது பலன் கிடைத்ததா? அதுதான் இல்லை. 'எட்டர்னல்ஸ்' முடிவில் ஹாரி ஸ்டைல்ஸ் தானோஸின் தம்பியாக வந்தார். 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாம் பாக முடிவில் சார்லீஸ் தெரன் வந்தார். 'தோர்' நான்காம் பாக முடிவில் ஹெர்குலிஸ் வந்தார். 2025 முடியும்வரை இவர்களில் ஒருவரையும் மறுபடி கண்ணில் காட்டவில்லை. மஹெர்ஷாலா அலி நடிக்கும் 'பிளேட்' 2019-இல் மேடையேறி அறிவிக்கப்பட்டது. 2024-இல் வெளியீட்டுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 'எட்டர்னல்ஸ்' கிளைமாக்ஸில் இந்தியப் பெருங்கடலிலிருந்து மலை உயரத்துக்கு ஒரு தலையும் கையும் எழுந்து கல்லாக நிற்கும். கதைப்படி உலகமே அலறியிருக்க வேண்டிய சம்பவம். ஒரு தொடரில் செய்தித் தலைப்பாகக் கண்ணில் பட்டதோடு சரி. 2025 பிப்ரவரியில் 'கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்ட்' வரும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குள் பார்த்தவர்களே மறந்துவிட்டார்கள்.

பெரிய வில்லன் கதை இதைவிட மோசம். காங் தான் அடுத்த தானோஸ் என்று 'லோகி' தொடரிலேயே அடிபோட்டார்கள். 2023-இல் 'ஆன்ட்-மேன்' மூன்றாம் பாகத்தில் முழு உருவில் வந்தார், எறும்புப் படையிடம் அடிவாங்கினார். தானோஸ் தன் முதல் பெரிய படத்தின் தொடக்கத்திலேயே ஹல்க்கை அடித்துத் தரையில் போட்டவன் என்பதை நினைத்துப் பாருங்கள். பிறகு காங்காக நடித்தவர் ஒரு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வர, 2023 டிசம்பரில் ஸ்டுடியோ அவரை நீக்கியது. காங் பெயரில் அறிவித்த அவெஞ்சர்ஸ் படம் 'டூம்ஸ்டே' ஆகிவிட்டது. நடிகர் விவகாரம் யார் கையிலும் இல்லை. ஆனால் அதற்கு முன்பே அந்த வில்லன் பார்வையாளரிடம் தோற்றிருந்தான்.

அந்த 'ஆன்ட்-மேன்' படத்தைப் பற்றி இன்னொரு குறை. முதல் இரண்டு பாகங்களின் அழகே அளவுதான்: குழந்தையின் ரயில் பொம்மை மேல் நடக்கும் சண்டை, சாவிக்கொத்து அளவுக்குச் சுருங்கும் பீரங்கி. தெரிந்த பொருள் பக்கத்தில் இருந்தால்தானே சின்னது, பெரியது தெரியும்? மூன்றாம் பாகம் முழுக்கக் கணினியில் வரைந்த குவாண்டம் உலகத்தில் நடக்கிறது. அங்கே எது எவ்வளவு உயரம் என்றே கண்ணுக்குப் பிடிபடவில்லை. அந்தப் படத்தில் வரும் மோடாக் என்ற வில்லனின் இழுத்து நீட்டிய முகத்தை இப்போது டிவியில் பார்த்தாலும் உறுத்துகிறது. கிராஃபிக்ஸ் கலைஞர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. வேலைப்பளு, கடைசி நேர மாற்றங்கள் பற்றி அவர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். 2023 செப்டம்பரில் மார்வெல் ஸ்டுடியோஸின் விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் ஒருமனதாக வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். இத்தனை படமும் இத்தனை தொடரும் கடைசியில் அதே கைகள் வழியாகத்தானே போக வேண்டும்.

மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி பக்கம் கதை இன்னும் சுருக்கம். 'தி ஃப்ளாஷ்', 'ஷசாம்' இரண்டாம் பாகம், 'ப்ளூ பீட்டில்' மூன்றும் 2023-இல் வரிசையாக விழுந்தன. அந்த உலகத்தையே கலைத்துப் புதிதாகத் தொடங்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட பிறகு, பழையதன் மிச்சத்தைப் பார்க்க யார் வருவார்கள்? 2025-இல் ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்' 60 கோடி டாலரைத் தாண்டியது. முன்கதை எதுவும் தெரிய வேண்டாம், நேராகப் போய் உட்காரலாம் என்பது அதற்கு உதவியது என்று நினைக்கிறேன்.

என் வாதத்துக்கு வலுவான சாட்சி 'தண்டர்போல்ட்ஸ்'. பல வருடங்களில் மார்வெல் எடுத்த நல்ல படங்களில் ஒன்று. ஃப்ளாரன்ஸ் பியூ நடிக்கும் எலீனா, செய்கிற வேலையில் அர்த்தமே இல்லாமல், உள்ளுக்குள் வெறுமையோடு திரிகிறவள். கிளைமாக்ஸில் தன் இருட்டுக்குள்ளேயே விழுந்துகொண்டிருக்கும் பாப் என்பவனைக் குத்தி வீழ்த்தாமல், எல்லோரும் சேர்ந்து இறுகக் கட்டிப்பிடித்து நிறுத்துகிறார்கள். விமர்சகர்கள் பாராட்டினார்கள், பார்த்தவர்களும் பாராட்டினார்கள். வசூல் 38 கோடி டாலர்தான். படத்தின் தரம் மட்டுமே பிரச்சினை என்றால் இது ஓடியிருக்க வேண்டும். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்துக்கு முதல் வாரம் நல்ல கூட்டம். அமெரிக்காவில் இரண்டாம் வார இறுதியில் மூன்றில் இரண்டு பங்கு சரிந்துபோனது. முந்தைய படங்கள் ஏமாற்றியதற்கான தண்டனையை அடுத்து வருகிற நல்ல படங்கள் அனுபவிக்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஓடியவை எவை என்று பார்த்தாலும் அதே கதைதான். 'ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்' 190 கோடி டாலருக்கு மேல், 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' 133 கோடி. இரண்டிலும் கூட்டத்தை இழுத்தது ஏற்கெனவே நம் மனதில் இடம்பிடித்த ஆட்கள்: பழைய ஸ்பைடர்-மேன்களான டோபி மக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், வுல்வரினாக ஹியூ ஜாக்மன். 'கார்டியன்ஸ்' மூன்றாம் பாகமும் 84 கோடி எடுத்தது. அதில் கூண்டுக்குள் அடைபட்ட விலங்குகள் தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொள்ளும் காட்சி ஒன்று போதும். ஒன்பது வருடம் முன்னால் தொடங்கிய, ராக்கெட் என்ற ரக்கூனின் கணக்கை அந்தப் படம் நேர்மையாக முடித்துக் கொடுத்தது.

புதிய நாயகர்களை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பதும் பொய். 2025-இலேயே மலையாளத்தில் வந்த 'லோகா', கள்ளியங்காட்டு நீலி என்ற நாட்டார் கதையை எடுத்துக்கொண்டு, கல்யாணி பிரியதர்ஷனை நாயகியாக வைத்து 300 கோடி ரூபாய் அளவுக்கு ஓடியது. தமிழ் டப்பிங்கிலும் அதற்குக் கூட்டம் வந்தது. அதைப் பார்க்க எந்த முன்படமும் தேவைப்படவில்லை. அவர்களும் அடுத்தடுத்த பாகங்களுக்கு நூல்விட்டிருக்கிறார்கள். அவசரப்படாமல் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

டிஸ்னியின் அப்போதைய தலைவர் பாப் ஐகர் 2024-இல், வருடத்துக்கு இரண்டு அல்லது அதிகபட்சம் மூன்று படம், இரண்டு தொடர் என்று குறைப்பதாகச் சொன்னார். தாமதமானாலும் சரியான முடிவு. 'டூம்ஸ்டே' 2026 டிசம்பர் 18 அன்று வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். டோனி ஸ்டார்க்காக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் இந்த முறை வில்லன் டாக்டர் டூம். பழைய எக்ஸ்-மென் படங்களின் பேட்ரிக் ஸ்டூவர்ட், இயன் மெக்கெல்லன் பெயர்களும் நடிகர் பட்டியலில் இருக்கின்றன. முதல் நாளே போவேன். அந்தக் கூட்டம் பழைய பாசத்துக்கு வரும் கூட்டம் என்பதை ஸ்டுடியோ புரிந்துகொள்ள வேண்டும். டவுனியை இன்னொரு முறை இப்படித் திரும்பக் கொண்டுவர முடியாது. எலீனா, கமலா, ஷாங்-சீ போன்ற புதிய நாயகர்களுக்கு அந்தப் படத்தில் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் நான் கவனிக்கப்போகிறேன்.

அதற்கு முன் எதையெல்லாம் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: 2021-க்குப் பிறகு வந்தவை எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். தொடர்களில் 'வாண்டாவிஷன்', 'லோகி' இரண்டு போதும். இரண்டுமே தனியாகப் பார்த்தாலும் நிறைவாக இருக்கும். படங்களில் 'ஷாங்-சீ', 'நோ வே ஹோம்', 'கார்டியன்ஸ்' மூன்றாம் பாகம், 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்'. தியேட்டரில் தவறவிட்ட 'தண்டர்போல்ட்ஸ்' படத்தை இன்றே பாருங்கள். 'ஆன்ட்-மேன்' மூன்றாம் பாகத்தையும் 'சீக்ரெட் இன்வேஷன்' தொடரையும் தாராளமாக விட்டுவிடலாம்.