குழந்தையை நாய் கடித்ததா? "ஊசி போட்டாயிற்று" என்ற பேச்சை மட்டும் நம்பி வீடு திரும்பாதீர்கள்

குழந்தையை நாய் கடித்து இரத்தம் வந்துவிட்டால், கையில் போடும் ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்தியாக வேண்டும். சேலத்தில் ஒரு தனியார் கிளினிக் என் தங்கை மகளுக்கு அதைச் செய்யவில்லை. செய்யாததோடு நிற்காமல், அந்த மருந்தின் பெயரை ரசீதில் எழுதிப் பணமும் வாங்கிக்கொண்டது. புகார் கொடுத்திருக்கிறோம். விசாரணை முடியாததால் கிளினிக்கின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும், நடந்ததைப் படித்தால் இதே வேலை வேறெங்கு நடந்தாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

தங்கை குடும்பம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறது. காப்பி பறிப்பு நேரம். பெரியவர்கள் எல்லோரும் தோட்டத்தில் இருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தபோது தெருநாய் ஒன்று பாய்ந்து இடது முன்கையிலும் கன்னத்திலும் கடித்துவிட்டது. அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பாட்டி மிளகாய்த்தூளும் மஞ்சளும் எடுத்து வந்திருக்கிறார். நல்ல மனதோடு செய்ததுதான். தங்கை அதைத் தடுத்துவிட்டு, பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிச் சென்று, துணி சோப்பைப் போட்டு ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவியிருக்கிறாள். அழுகையைப் பொருட்படுத்தாமல் கழுவினாள். அன்று நடந்தவற்றில் முதல் சரியான காரியம் அதுதான். குறைந்தது 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு பட்டால் அது சிதைந்துவிடும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலைச் சாறு எதுவும் அந்த வேலையைச் செய்யாது. புண்ணைக் கிளறி, கிருமியை இன்னும் உள்ளே தள்ளுவதுதான் அவற்றால் நடக்கும்.

ஜீப் ஓட்டுநர் ஒருவர் தனக்குத் தெரிந்த கிளினிக் என்று சொல்லி, மலையிறக்கி நேராக அங்கே கொண்டுபோய் விட்டார். அங்கே பிள்ளையைப் பார்த்ததும் மருத்துவர் சொன்ன முதல் வார்த்தை, "பெண் குழந்தை, கன்னத்தில் தழும்பு நின்றுவிடும், உடனே தையல் போட்டுவிடலாம்" என்பது. காயத்தை அவர்கள் மறுபடி கழுவவில்லை. பஞ்சில் மருந்தைத் தொட்டுத் துடைத்துவிட்டுத் தையல் போட்டார்கள். கையில் ஒரு ஊசி, புட்டத்தில் ஒரு ஊசி. பல ஆயிரத்துக்கு ரசீது. "எல்லாம் போட்டாயிற்று, பயப்படாமல் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஊசி எந்தத் தேதியில் என்று எழுதிய அட்டை கூடத் தரவில்லை.

இருட்டிவிட்டதால் மலையேறாமல் அஸ்தம்பட்டியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அக்கா. பிள்ளையைப் பார்க்க வந்தவர், ஆறுதல் சொல்வதற்கு முன்பே கேட்டார்: "காயத்தைச் சுற்றி ஊசி போட்டார்களா?"

"இல்லை அக்கா. கையில் ஒன்று, பின்னால் ஒன்று. அவ்வளவுதான்" என்றாள் தங்கை.

அக்கா ரசீதை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அதில் டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பு, ரேபிஸுக்கு அல்ல) இருந்தது, ரேபிஸ் தடுப்பூசி இருந்தது, இம்யூனோகுளோபுலினும் இருந்தது. மூன்று மருந்து, இரண்டு ஊசிக் குத்து. "கிளம்புங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம்" என்றார். பிள்ளை அப்போதுதான் கண் அயர்ந்திருந்தாள். தூக்கத்திலேயே தோளில் போட்டுக்கொண்டு, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே பணியிலிருந்த பெண் மருத்துவர் தையலைப் பார்த்ததும் முகம் மாறினார். நாய்க்கடிக் காயத்தை எடுத்த எடுப்பில் தைக்கக் கூடாது. தைத்தே ஆக வேண்டிய பெரிய கிழிசலாக இருந்தாலும், முதலில் இம்யூனோகுளோபுலினைக் காயத்தில் செலுத்திவிட்டு, பிறகுதான் தளர்வாக ஒன்றிரண்டு தையல் போட வேண்டும். ஊசி குத்தும் இடமெல்லாம் கிருமிக்குப் புது வழி திறக்கிறது என்று அவர் விளக்கினார். பிள்ளையின் எடை 18 கிலோ. குதிரையிலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 40 அலகு, மனிதரிடமிருந்து எடுப்பது கிலோவுக்கு 20 அலகு என்பது கணக்கு. அவளுக்குக் குதிரை வகை, 720 அலகு. கையிலும் கன்னத்திலும் காயத்தைச் சுற்றிச் சுற்றி மெல்லிய ஊசியால் செலுத்தினார்கள். பிள்ளை துடித்தாள், "மாமா, போதும் என்று சொல்லுங்கள்" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வலியைக் குழந்தைக்குத் தர மனமில்லாமல் பல பெற்றோர் வேண்டாம் என்று திரும்பிவிடுவதாக மருத்துவர் சொன்னார். தயவுசெய்து திரும்பிவிடாதீர்கள். பிள்ளையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை கட்டாயம்? தடுப்பூசி போட்ட பிறகு நம் உடம்பு தானாக எதிர்ப்பாற்றலை உண்டாக்க ஏறத்தாழ ஒரு வாரமாவது ஆகும். கிருமி காயத்திலிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி நகர்வது. கன்னத்திலிருந்து மூளைக்கு எவ்வளவு தூரம்? குழந்தைகள் உயரம் குறைவு என்பதால் நாய் பாய்ந்தால் முகம், தலை, கழுத்து என்று கடி அதிகம் விழுகிறது. இம்யூனோகுளோபுலின் ஆயத்தமான எதிர்ப்புப் பொருள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை காயத்திலேயே கிருமியை மடக்குவது அதுதான். முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் செலுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு போட்டுப் பயனில்லை. ரேபிஸின் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. இதையெல்லாம் அறிந்த ஒரு மருத்துவர் போடாத மருந்துக்கு விலை எழுதுகிறார் என்பதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

புட்டத்தில் போட்ட தடுப்பூசியையும் அரசு மருத்துவர் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாகச் சேராது. ரேபிஸ் தடுப்பூசி மேற்கையில்தான் போட வேண்டும், மிகச் சிறு குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்கம். ஆகவே அன்றைய நாளையே பூஜ்ய நாளாக வைத்துப் புதிதாகத் தொடங்கினார்கள்: இரண்டு மேற்கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம், பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் அதேபோல. தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என ஐந்து தடவை வரும். எந்த முறை என்றாலும் தேதிகளை எழுதிய அட்டை கையில் கொடுத்தாக வேண்டும். எங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை.

மறுநாள் ரசீதோடு கிளினிக்குக்குப் போனேன். இம்யூனோகுளோபுலினை எங்கே போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "தடுப்பூசியோடு சேர்த்தே போட்டுவிட்டோம் சார்" என்றார் முன்னறையில் இருந்தவர். இது பொய்யாக இருந்தாலும் குற்றம், உண்மையாக இருந்தால் அதைவிடப் பெரிய குற்றம். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கவே கூடாது, ஒரே இடத்தில் போடவும் கூடாது. கலந்தால் ஒன்று மற்றொன்றை முறித்துவிடும். மருந்துக் குப்பியைக் காட்டுங்கள், அதன் தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) சொல்லுங்கள் என்றேன். குப்பையில் போய்விட்டது என்றார்கள். மருத்துவரே வெளியே வந்து, "நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால் எதுவுமே தேவையில்லை, ஏன் இத்தனை பதற்றம்?" என்று கேட்டார்.

பத்து நாள் கணக்கை இப்படித் திரித்துச் சொல்பவர்கள் பலர். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது, சிகிச்சையைத் தொடங்கிய பிறகு மீதி ஊசிகள் வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்ய உதவும். சிகிச்சையைத் தள்ளிப்போட அது சாக்கு அல்ல. வீட்டில் வளர்க்கும் நாய், ஊசி போட்ட நாய் என்றாலும் குழந்தைக்கு இரத்தம் வந்திருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்த நாய் அன்று மாலைக்குப் பிறகு ஊரில் யார் கண்ணிலும் படவே இல்லை. பத்து நாள் பார்ப்பதற்கு நாயே இல்லை.

புகார் கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் பணத்தைத் திருப்பித் தருவதாக ஆள் அனுப்பினார்கள். தங்கை கணவர் மறுத்துவிட்டார். தோட்ட வேலையில் அந்தப் பணம் எத்தனை நாள் கூலி என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டவை. மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துமூலம் மனு கொடுத்தோம். பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எதற்கும் ரசீதும் மருந்துச் சீட்டும் வேண்டும். துண்டுக் காகிதம்தானே என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

ஊரில் இன்னொரு பயமும் பார்த்தேன். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய நினைப்பு வயதானவர்களுக்கு இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி அதற்குப் பயந்துதான் மந்திரிக்கிறவரிடம் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பதினான்கு ஊசி ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. இந்தியாவில் அதை நிறுத்தி இருபது ஆண்டு ஆகிவிட்டது. இப்போதைய தடுப்பூசி கையில் போடுவது, காய்ச்சல் ஊசி அளவுக்குத்தான் வலிக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள். மந்திரிக்கவும் வேர் கட்டவும் போகும் நேரம்தான் குழந்தையின் நேரம்.

மலையில் இருப்பவர்களுக்கு: கழுவி முடித்ததும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ முதல் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு, இம்யூனோகுளோபுலின் கையிருப்பில் உண்டா என்று அங்கேயே கேளுங்கள். எல்லா நிலையங்களிலும் அது இருப்பதில்லை. இல்லையென்றால் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு அன்றே சேலம் இறங்கிவிடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். தனியாரிடம் போவதானால் மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள், குப்பியின் பெயரையும் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், காயத்தைச் சுற்றி ஊசி போடாமல் எழுந்திருக்காதீர்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பிள்ளை 28ஆம் நாள் ஊசியும் போட்டு முடித்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகிறாள்.

இதைப் படிப்பவர்களில் யாருடைய குழந்தைக்காவது சில வாரங்களுக்கு முன்போ சில மாதங்களுக்கு முன்போ நாய் கடித்து, டி.டி. ஊசி மட்டும் போட்டு விட்டிருந்தால், பழைய சீட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். கிருமி மாதக்கணக்கில் அமைதியாக இருக்கக்கூடியது. நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், அறிகுறி இல்லாதவரை சிகிச்சையைத் தொடங்கலாம். சீட்டை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.