டோங்காட் நர்சரியில் மாங்கன்று: வேரைக் கேட்டு வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் சாலையோர நர்சரி ஒன்றில் கென்ட் ரக மா ஒட்டுக்கன்று வாங்கினேன், ரொம்பத் திருப்தி. அடிக்கன்று, அதாவது ஒட்டுக்குக் கீழே வேராக இருக்கும் ரகம், என்னவென்று கேட்டதுமே "சேபர்" என்று பதில் வந்தது. பல கடைகளில் மேலே உள்ள ரகத்தை மட்டும்தான் சொல்வார்கள், ஆனால் மரம் எவ்வளவு உயரும், எப்படிக் காய்க்கும், உப்பு மண்ணைத் தாங்குமா என்பதெல்லாம் கீழே இருக்கும் வேரையும் பொறுத்ததுதானே. சேபர் ஒரே கொட்டையிலிருந்து பல நாற்று விடும், பெரும்பாலும் தாய்மரத்தை அப்படியே ஒத்திருக்கும், அதனால் கன்றுகள் ஒரே சீராக வளரும். ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தேன்: வெடிப்பில்லை, மேலும் கீழும் ஒரே தடிமன். ஒரே குறை, இந்தியாவில் அல்போன்சாவைக் குட்டையாக்கும் வெள்ளைக்கொழும்பான் மாதிரி வேர் இவர்களிடம் இல்லை. சின்ன முற்றம் என்றால் அறுவடை முடிந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தே ஆகவேண்டும். விலை கொஞ்சம் கூடத்தான், சரி, கொடுக்கலாம்.