தளம் போட்ட கையோடு ஆள் காணாமல் போகிறார்: அரூர், ஊத்தங்கரைப் பக்கம் வீடு கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

மனையிலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தங்கிக்கொண்டு, மெட்டீரியலோடு கான்ட்ராக்ட் விட்டு வீடு கட்டலாம் என்று இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எங்களிடம் வேலை எடுத்தவர் 14 லட்சத்துக்குப் பேசி, 12 லட்சத்து 60 ஆயிரம் வாங்கிக்கொண்டு, தளம் (மேலே கான்கிரீட் கூரை) போட்டதோடு விட்டுவிட்டுப் போய்விட்டார். கதவு இல்லை, பூச்சு இல்லை, கரண்ட் ஒயர் இழுக்கவில்லை. அந்த வீட்டில்தான் 2024 டிசம்பர் மழையில் குடியேறினோம். தளமும் ஒழுகியது.

ஆளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. அதைவிட, அவர் எப்படிச் செய்தார் என்று தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம். இதே மாதிரி பணம் வாங்க அட்டவணை போட்டு வேலை எடுக்கிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

நாங்கள் இருப்பது அரூரிலிருந்து ஊத்தங்கரை போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் அரூரில் வாடகைக்கு இருந்தோம். வீட்டு வாடகையும் கொடுத்து, நகைக்கடன் வட்டியும் கட்டி, வீட்டு வேலையையும் பார்க்க முடியாது என்றுதான் மனையின் மூலையில் பழைய தகரம் வாங்கிக் கொட்டகை போட்டோம். ஓசூர்ப் பக்கம் பழைய கன்டெய்னர் கிடைக்கிறது என்றார்கள்; கிரேன் வாடகையைக் கேட்டதும் விட்டுவிட்டோம். பழைய தகரம் என்றால் பழைய ஆணி ஓட்டைகளும் சேர்ந்துதான் வரும். எம்சீல் வைத்தோம், தார்ச்சீட்டு ஒட்டினோம். வெயிலில் தகரம் விரியும், ராத்திரி சுருங்கும், அடைத்ததெல்லாம் விட்டுவிடும். அடுத்த மழையில் அதே இடத்தில் சொட்டும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கொட்டகையில் இருக்கிற குடும்பத்துக்கு எவ்வளவு அவசரம் என்று அந்த ஆளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முதல் நாள் வந்தபோதே கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். "பிள்ளைங்கள வெச்சிக்கிட்டு இதுல எப்படிக்கா இருக்கீங்க? ஆடிக்கு முன்னாடி தளம் போட்ருவேன், ஆவணியில பால் காய்ச்சிடலாம்" என்றார். அதற்குப் பிறகு பணம் கேட்ட ஒவ்வொரு தடவையும் மழையைச் சொல்லித்தான் கேட்டார். "மழை வர்றதுக்குள்ள லிண்டல் முடிக்கணும்" (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), "மழை வர்றதுக்குள்ள கம்பி இறக்கணும்". மழைக்குப் பயந்தவர்கள் நாங்கள்தானே, கொடுத்தோம்.

இப்போது பண விஷயம். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

700 சதுரடி, சதுரடிக்கு 2,000 ரூபாய். ஒப்பந்தம் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்தும் உண்டு. எழுத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. திருட்டு, பணம் கொடுக்கும் அட்டவணைக்குள் இருந்தது. வேலை தொடங்க 10 சதவீதம், பேஸ்மட்டம் (தரை மட்டம் வரைக்குமான அடிவேலை) முடிந்ததும் 25, லிண்டலுக்கு 20, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகத் தகடு, முட்டு) அடிக்கும் முன் 15, தளம் கான்கிரீட் அன்று 20, மீதி 10 சதவீதம் சாவி கொடுக்கும்போது. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது, கடைசிப் பணம் நம் கையில் இருக்கிற மாதிரியும் தெரிகிறது. ஆனால் கூட்டிப் பாருங்கள், கான்கிரீட் போடும் அன்றைக்கே 90 சதவீதம் அவர் கைக்குப் போய்விடுகிறது.

தளம் வரைக்கும் ஆகிற செலவு ஒரு சாதாரண வீட்டில் மொத்தத்தில் ஏறக்குறைய பாதிதான். பூச்சு, தரை, கதவு ஜன்னல், ஒயரிங், பிளம்பிங், கழிவறை, மொட்டைமாடித் தட்டோடு, பெயின்ட் எல்லாம் அதற்கு மேல்தான் வருகின்றன. அப்படியானால் தளம் போட்ட மறுநாள் அந்த ஆளுக்கு இந்த வீட்டில் என்ன மிச்சம்? ஆறேழு லட்சம் வேலை பாக்கி, வரவேண்டியது ஒரு லட்சத்து 40 ஆயிரம். வேலையை முடித்தால்தான் அவருக்கு நஷ்டம். விட்டுவிட்டுப் போனால் லாபம். அட்டவணையை எழுதும்போதே அவர் எங்கே நிறுத்தப் போகிறார் என்பதும் எழுதப்பட்டுவிட்டது.

அரசாங்கமே கலைஞரின் கனவு இல்லத்துக்கும் பிரதமர் வீடு திட்டத்துக்கும் வேலை எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அந்தந்தத் தவணையை விடுகிறது. வங்கியில் வீட்டுக்கடன் வாங்கினாலும் அப்படித்தான். இரண்டு இடத்திலும் முடிந்த வேலைக்குத்தான் பணம். வரப்போகிற வேலைக்குப் பணம் கேட்கிற ஒவ்வொரு வரியையும் ஒப்பந்தத்தில் அடித்துவிடுங்கள். மறுத்தால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

மாதிரிக்கு என்று காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டைக் காட்டினார். நல்ல வேலை, மனசுக்குப் பிடித்திருந்தது. வீட்டு ஆட்கள் பெங்களூரில் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்தே காட்டினார். பிறகு நாங்களே விசாரித்தபோது, அந்த வீட்டைக் கட்டியது வேறு ஒரு மேஸ்திரி. இவர் அங்கே டைல்ஸ் வேலைக்கு மட்டும் ஆள் விட்டவர். ஆகவே யார் வீட்டைக் காட்டினாலும் வீட்டுக்காரரிடம் நேரில் பேசாமல் நம்ப வேண்டாம். அந்த வீடு ஒரு மழைக்காலம் தாண்டியதா என்றும் கேளுங்கள்.

தளத்துக்கு வருகிறேன்.

ஆடி, ஆவணி எல்லாம் போய், புரட்டாசியில்தான் கான்கிரீட் போட்டார்கள். கம்பி கட்டி முடித்த அன்று மேலே ஏறிப் பார்த்தேன். கம்பி பல இடங்களில் சென்ட்ரிங் தகட்டின் மேலேயே படுத்திருந்தது. கீழே கவர் பிளாக் என்கிற சின்னக் கட்டை வைத்துக் கம்பியைத் தூக்கி விட்டால்தான் அதைச் சுற்றிலும் கான்கிரீட் போகும், இல்லையென்றால் நாளைக்குக் கம்பி துருப்பிடித்து தளத்தின் அடிப்பக்கம் உதிரும். கேட்டதற்கு, "அக்கா, உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க, நான் அண்ணன்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். என் வீட்டுக்காரரிடம் போனில், "அக்கா சும்மா பயப்படறாங்க" என்றார். பெண்கள் வேலையைப் பார்த்து நிற்கிற வீடுகளில் இது நிறைய நடக்கிறது. புரியாது என்று சொல்கிறவரிடம்தான் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் மெஷின் அன்று வரவில்லை. கம்பியால் குத்தி விட்டார்கள். நீராற்றுவதும் பேருக்குத்தான். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவோம் என்றார்கள், கட்டவில்லை. இரண்டு நாள் ஹோஸ் பைப்பில் அடித்துவிட்டு அந்தப் பையனும் வரவில்லை. பிறகு நானும் மாமியாருமாகக் குடத்தில் சுமந்து ஊற்றினோம். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலையில் சாதாரண சிமெண்டுக்கே குறைந்தது 7 நாள், கடைகளில் அதிகம் கிடைக்கிற பி.பி.சி. மாதிரி கலப்பு சிமெண்டுக்கு 10 நாள், வறண்ட வெயில் என்றால் எந்த சிமெண்டுக்கும் 10 நாளுக்குக் குறையக் கூடாது, கலப்பு சிமெண்டுக்கு 14 நாள் வரைக்கும் கூட நீட்டலாம் என்று இருக்கிறது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்ட்ரிங் பிரித்த அன்று நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது ஓர் ஆள் சமையலறை மூலையில் ஏணி போட்டு, கரணையால் சிமெண்ட் பால் தடவிக்கொண்டிருந்தார். அறை முழுக்கத் தளத்தின் அடிப்பக்கம் வெளிறிப் போய் இருக்க, அந்த இடம் மட்டும் புதுசாக, ஈரமாக, ஒரு முறம் அகலத்துக்கு. "சும்மா ஃபினிஷிங்" என்றார். அவர் போன பிறகு ஏணியில் ஏறி ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினேன். மற்ற இடத்தில் டக் டக் என்று கெட்டியாகக் கேட்டது, அந்த இடத்தில் பொத் பொத் என்றது. நகத்தால் சுரண்டியதும் தடவியது பொரிந்து விழுந்தது. உள்ளே ஜல்லி தனித்தனியாக, நடுவில் விரல் நுழைகிற ஓட்டைகள். ஓட்டைக்குள் கம்பி தெரிந்தது. போட்டோ எடுத்து வைத்தேன். அந்த போட்டோதான் இன்றைக்கு எங்கள் வழக்கில் முக்கியமான ஆதாரம். சென்ட்ரிங் பிரிக்கிற நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் அங்கே நில்லுங்கள். பூசி மறைப்பதற்கு முன்னால் அந்த அரை மணி நேரம்தான் தளம் தன் உண்மை முகத்தைக் காட்டும்.

அதோடு வேலையாட்கள் வரவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றார், அப்புறம் எம்சாண்ட் விலை ஏறிவிட்டது, இன்னும் இரண்டு லட்சம் கொடுத்தால் பூச்சு வேலை தொடங்கலாம் என்றார். கடைசியில் போனையே எடுக்கவில்லை.

டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அரூரில் 30 சென்டிமீட்டருக்கு மேல். கொட்டகையில் மேலிருந்து ஒழுகியது போக, தரையிலும் தண்ணீர் ஏறியது. மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, பிள்ளைகளின் புத்தகப் பையையும் அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு, கட்டி நிறுத்திய வீட்டுக்குள் போனோம். வாசற்படிக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினோம். ஜன்னல் ஓட்டைகளுக்கு சிமெண்ட் சாக்கு. நல்ல நாள் பார்க்கவில்லை, பால் காய்ச்சவில்லை. என் மாமியாருக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் சமையலறை மூலையில் சொட்ட ஆரம்பித்தது. மேலே தட்டோடு பதிக்கவில்லை, தளத்தில் தண்ணீர் ஓட வாட்டமும் விடவில்லை. தண்ணீர் தேங்கி அந்த ஓட்டை வழியாக இறங்கியது. தகரத்தின் கீழே வைத்த அதே பாத்திரங்களை இங்கேயும் வைத்தேன். பெரியவள், "அம்மா, இது புது வீடுதானே?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு வெளியூர் இன்ஜினியர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்து வந்து அளந்தோம். நடந்திருக்கிற வேலையின் மதிப்பு சுமார் 8 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். மிச்சமிருந்த கம்பித் துண்டுகளையும் எடை போட்டுப் பார்த்தார். ஒப்பந்தத்தில் 10 எம்எம் என்று இருந்த இடத்தில் 8 எம்எம் போட்டிருக்கிறார்கள். இதை நீங்களே பார்க்கலாம்: 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 8 எம்எம் என்றால் சுமார் 4.7 கிலோ, 10 எம்எம் என்றால் 7.4 கிலோ, 12 எம்எம் என்றால் 10.7 கிலோ இருக்கும். லாரி இறங்கும்போது ஒரு தராசு போதும்.

இன்னொன்றும் செய்தார். பணி நிறைவுச் சான்று வாங்கினால்தான் வீட்டுக் கரண்ட் கிடைக்கும், அதற்கு 25 ஆயிரம் ஆகும் என்று ஆரம்பத்திலேயே கேட்டு வைத்திருந்தார். எங்களுடையது மாதிரியான சின்ன வீட்டுக்கு அந்தச் சான்று கட்டாயமில்லை என்று 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டட விதிகளிலேயே இருக்கிறது. மின்வாரியத்தில் நேராகப் போய்க் கேட்டோம், அந்த 25 ஆயிரம் இல்லாமலே கட்டுமானத்துக்கு வாங்கியிருந்த தற்காலிக இணைப்பு வீட்டு இணைப்பாக மாறியது. அதுவரைக்கும் கட்டுமானக் கட்டணத்தில் இரண்டு பல்புக்குக் கட்டிய பில் தனி.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவிலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ரசீது மட்டும் கொடுத்தார்கள். அதையும் பத்திரமாக வைத்திருங்கள், வேண்டியிருக்கும். எங்களுக்கு வழி திறந்தது நுகர்வோர் ஆணையத்தில்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவை என்றே சொல்லப்பட்டிருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். தர்மபுரியிலும் உண்டு, கிருஷ்ணகிரியிலும் உண்டு. வக்கீல் கட்டாயமில்லை. 1915-க்கு போன் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறார்கள். பிரச்சினை தொடங்கியதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் போட வேண்டும். "அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்" என்கிற வாய்தாவிலேயே அந்த இரண்டு வருடத்தையும் ஓட்டிவிடுவார்கள், ஜாக்கிரதை. பணத்தை ஜிபே, வங்கி வழியாகவே கொடுங்கள். நாங்கள் கையில் கொடுத்த ஒரு லட்சத்தை வாங்கவே இல்லை என்று பதில் மனுவில் எழுதியிருக்கிறார்.

இப்போது மீதி வேலையை உள்ளூர்க் கொத்தனார் ஒருவரை வைத்து, நாள் கூலிக்கு, கையில் பணம் சேரச் சேரச் செய்கிறோம். சமையலறை மூலையை உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து அடைத்தாயிற்று. தட்டோடும் பதித்தாயிற்று. பக்கத்துத் தெருவில் போன மாதம் பேஸ்மட்டம் போட்டவர்கள் எங்கள் ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, தங்கள் மேஸ்திரியிடம் தளம் வரைக்கும் 50 சதவீதத்துக்கு மேல் இல்லை என்றும், கடைசி 5 சதவீதம் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டிய பிறகுதான் என்றும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். மேஸ்திரி ஒத்துக்கொண்டு வேலை செய்கிறார். எங்கள் ஒப்பந்த நகலும் இன்ஜினியர் அறிக்கையும் யாருக்குப் பார்க்க வேண்டுமென்றாலும் தருகிறேன்.